கத்திரிப்பூ நிற அரக்கு

சொந்த வீட்டு லாரியிலிருந்து ரேடியோவைக் கழற்றுவதற்கே கை இப்படி நடுங்குகிறதென்றால், திருடர்கள் எல்லாம் எப்படித்தான் பிழைக்கிறார்களோ என்று தார்ப்பாய்க்காரி நினைத்துக்கொண்டாள். கணவர் கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போயிருந்தார். திரும்ப வார இறுதி ஆகும். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, பழைய லாரியின் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி அவள் திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சுழற்றினாள். கடைசித் திருகாணி விட்டதும் ரேடியோ அவள் மேல் வந்து சாய்ந்தது, தூக்கத்தில் புரண்டு விழுகிற குழந்தையைப்போல. பின்பக்கத்தில் ஒரு கறுப்பு ஒயர் வாலைப்போல் சுருண்டு கிடந்தது. அதை எங்கிருந்தும் பிடுங்க வேண்டி வரவில்லை. பழுதான காலத்தில் யாரோ கழற்றி விட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு, ரேடியோவைக் கான்வாஸ் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள்.

தார்ப்பாய்க்காரி என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். அவளுடைய அப்பா தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு அவள் நடத்துகிறாள். உள்ளங்கையில் தோல்பட்டையைக் கட்டிக்கொண்டு, மெழுகு தேய்த்த நூலைக் கோணி ஊசியில் கோத்து, மூன்று ஆள் சேர்ந்து மடிக்க வேண்டிய கான்வாஸை ஒற்றை ஆளாய் முழங்காலால் அமுக்கித் தைப்பாள். அந்தக் கைக்கு ஒரு ரேடியோ என்ன பெரிய கனம். நடுங்கியது ஆசையினால். அடுத்த மாதம் அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாள். அன்றைக்கு இந்த ரேடியோ பாட வேண்டும் என்று அவள் மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

ஏனென்றால் அவர்களுடைய கல்யாணத்தையே இந்த ரேடியோதான் பண்ணி வைத்தது.

அந்தக் கதை உறவுக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு மழைக்கால மாலை. பருத்திப் பொதி ஏற்றிய லாரி ஒன்றின் தார்ப்பாய் நடுவழியில் கிழிந்துவிட்டதென்று கடைக்கு ஆள் வந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல். அவளே ஊசி நூலோடு போனாள். கொட்டுகிற மழையில் பொதிகளின்மேல் குப்புறப் படுத்துக் கிழிசலைத் தைத்து முடித்தபோது நனைந்த கோழிக்குஞ்சாகியிருந்தாள். லாரியை ஓட்டி வந்த ஒல்லி மனிதர், "கடையிலேயே இறக்கி விடுறேன், ஏறுங்க" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

காபினுக்குள் என்ஜினின் கணகணப்பு. கண்ணாடியில் துடைப்பான் போய்ப் போய் வந்தது. கண் சொக்கியது. ஒரு கால் கரையிலும் ஒரு கால் தண்ணீரிலுமாக நிற்பதைப்போல, விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே அவள் இருந்தபோது ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. மெல்லிய பெண்குரல். வார்த்தைகள் புரியவில்லை. மழைச் சத்தத்துக்குள் யாரோ நூல் கோத்து இழுப்பதைப்போல அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சின்ன வெளிச்சம். பிறகு பாட்டு மெல்லக் குறைந்தது; தூங்குகிற பெண் விழித்துவிடக் கூடாதென்று யாரோ குமிழைத் தொட்டுத் தொட்டுத் திருகியதைப்போல. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பாட்டு வந்தது. அதுவும் அப்படியே தேய்ந்து அடங்கியது.

"தூங்குறவளுக்காக ரேடியோவைக் குறைக்கத் தெரிஞ்ச ஆளு, வாழ்க்கையில மத்ததையும் பார்த்துப்பாருன்னு தோணுச்சு" என்பாள் தார்ப்பாய்க்காரி, கதையின் முடிவில். அவர் பெண் கேட்டு வந்தபோது அப்பா கேள்வியை முடிக்கும் முன்பே அவள் சரி என்றுவிட்டாள்.

அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்து சிரிப்பார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ரேடியோ ஒரு நாளும் பாடவில்லை. கேட்டால், "அதை நாம பாட வைக்க முடியுமா? அதுவா மனசு வெச்சுப் பாடினாத்தான் உண்டு" என்று கண்ணைச் சிமிட்டுவார். பழுதாகிவிட்டது என்பதைத்தான் மனிதர் இப்படி அழகாகச் சொல்கிறார் என்று அவள் விட்டுவிட்டாள். முதலாளியிடமிருந்து அந்த லாரியை அவரே வாங்கியபோதும், பிறகு அது ஓடிக் களைத்துக் கொட்டகையில் ஓய்ந்தபோதும் ரேடியோ டாஷ்போர்டில் அப்படியே வாய்மூடி உட்கார்ந்திருந்தது.

கணவருடைய தங்கை, காதுகேட்கும் கருவிகளைப் பழுது பார்ப்பவள். ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியறையில் அவளுடைய மேசை. சுண்டுவிரல் நுனியளவு கருவிகளைக் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு சரிசெய்வாள். நல்ல கைகாரி, வாயும் அதைவிடக் கொஞ்சம் நீளம். தார்ப்பாய்க்காரி கான்வாஸை அவிழ்த்து ரேடியோவை மேசைமேல் வைத்ததும், நாத்தனார் லென்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு பெத்த பிள்ளை இது?"

"உங்க அண்ணன் லாரியில இருந்தது."

"அது தெரியுது அண்ணி. செஞ்சது யாருன்னு கேக்குறேன். பேர்ப்பட்டை விழுந்து போச்சு பாருங்க, ரெண்டு ஓட்டைதான் மிச்சம். அப்பன் பேரு தெரியாத பிள்ளைக்கு நான் எப்படி வைத்தியம் பார்க்க?"

"உனக்குத் தெரியாத ரேடியோவா?"

"காதுக்குள்ள போற சாமான்தான் எனக்குத் தெரியும். இது காதைவிடப் பெருசா இருக்கே. யாரு செஞ்சாங்கன்னு தெரிஞ்சாத்தான் உள்ள எந்த ஒயர் எங்க போகுதுன்னு வரைபடம் தேட முடியும். குருட்டாம்போக்குல கரன்ட் குடுத்தா பொட்டுன்னு போயிடும். அப்புறம் உங்க கல்யாண நாளுக்கு நான்தான் பாடணும்."

"வேண்டாம்மா. நல்ல நாளும் அதுவுமா."

நாத்தனார் விசாரித்ததில், லாரிகளுக்கென்று ரேடியோ செய்தவர்கள் அந்தக் காலத்தில் மூன்றே பேர் என்று தெரிந்தது. லுமாரா, கார்ட்டன், ஹெல்மோ. மூன்றும் கடையை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. பழைய ரேடியோக்கள்மேல் பித்துப் பிடித்தவர்கள் கூடும் செல்போன் குழு ஒன்று இருந்தது. நாத்தனார் படங்களை அதில் போட்டாள். அன்றிலிருந்து அங்கே குடுமிப்பிடிச் சண்டை. குமிழில் பிறைநிலா இருக்கிறது, ஆகவே லுமாரா என்றார் ஒருவர். குமிழை நம்பாதே, அது மனிதனுக்குச் செருப்பு மாதிரி, யாருடையதும் யார் காலுக்கும் போகும் என்றார் இன்னொருவர். லுமாரா என்றால் கண்ணாடியில் நிலையங்களின் பெயர் இருக்கும், இதில் வெறும் எண்கள்தானே, எனவே கார்ட்டன் என்றார் மூன்றாமவர். கார்ட்டனின் பேர்ப்பட்டைக்கு மூன்று ஓட்டை என்று அவரை மடக்கினார்கள். இது ரேடியோவே இல்லை, டாக்ஸி மீட்டர் என்று ஒருவர் கடைசிவரை பிடிவாதமாக நின்றார்.

தார்ப்பாய்க்காரி தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு மாடியேறி வந்தாள். நாத்தனார் படித்துச் சொல்லச் சொல்ல, பெஞ்சில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஜன்னல் வெளிச்சம் ரேடியோவின் கண்ணாடியில் விழுந்து மஞ்சளாகக் குழையும். அப்போதெல்லாம் அவளுக்கு அந்த மழை மறுபடி பெய்யத் தொடங்கும். பகலில் கடையில் ஊசியை இழுக்கும்போதுகூட அந்தக் குரல் நூலோடு நூலாகக் கான்வாஸுக்குள் போய் வந்தது. என்ன வார்த்தைகளாக இருக்கும்? ரேடியோவைச் செய்தவர்கள் தெரிந்தால், அது பாடினால், அந்தப் பாட்டே திரும்ப வந்துவிடும் என்று அறிவு நம்பவில்லை. மனம் நம்பியது. மனதுக்கு என்ன, அது பள்ளிக்கூடம் போகாத பிள்ளை.

கணவர் வருவதற்கு முந்தின நாள் நாத்தனார் பொறுமையிழந்து அடித்தட்டைத் திறந்துவிட்டாள்.

"வெளிய பார்த்து ஜாதகம் எழுதினது போதும். வயித்தைத் திறந்தே பார்த்துடுவோம்" என்றாள். உள்ளே சின்னச் சின்ன வெள்ளி டப்பாக்கள், மெழுகு பூசிய சுருள்கள், ஒரு தூசுகூட இல்லாத ஒழுங்கு. "ரேடியோவைச் செஞ்சு முடிச்சதும் ஒருத்தர் உக்காந்து, காதால கேட்டுக் கேட்டு, இந்தக் குட்டித் திருகாணி ஒவ்வொண்ணையும் சரியான இடத்துல நிறுத்துவாங்களாம். அப்புறம் அது அசையாம இருக்க மேல ஒரு சொட்டு அரக்கு. அந்த அரக்கோட நிறம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற வேற. நேத்து ஒரு பெரிய மனுஷர் குழுவுல எழுதினார். லுமாராவுக்குப் பச்சை, கார்ட்டனுக்குச் சிவப்பு."

லென்ஸை இறக்கிக் குனிந்தாள். தார்ப்பாய்க்காரியும் கூடவே குனிந்தாள். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. வெள்ளி டப்பாவின் உச்சியில், திருகாணித் தலையின்மேல், காய்ந்த ஒரு சொட்டு இருந்தது. கத்திரிப்பூ நிறம்.

"ஹெல்மோ" என்றாள் நாத்தனார், ரகசியம் சொல்வதைப்போல.

"நிஜமாவா?"

"அப்பன் கிடைச்சுட்டான் அண்ணி. டாக்ஸி மீட்டர்காரர் முகத்தை இனிமே பார்க்கணும்."

தார்ப்பாய்க்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு சொட்டு நிறத்தை விரலால் தொடப் போய், தொடாமல் எடுத்துக்கொண்டாள். யாரோ ஒருவர், எங்கோ ஒரு மேசையில், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு நிறுத்திய சொட்டு. தன் கல்யாணத்துக்கு அட்சதை போட்டவர் அவர்தான் என்று தோன்றியது.

நாத்தனார் செல்போனில் ஹெல்மோவைத் தேடிப் படித்துக்கொண்டே அந்தக் கறுப்பு ஒயரைக் கையால் நீவினாள். ஒயரின் நடுவில் ஒரு குப்பி. அதற்குள்தான் ஃபியூஸ் இருக்கும். குப்பியின் மூடியில் விரல் நின்றது. அவள் படிப்பதையும் நிறுத்தினாள். பிறகு ரேடியோவின் முகத்திலிருந்த ஐந்து பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். எதை அழுத்தினாலும் முள் ஒரே இடத்துக்குத்தான் போய் நின்றது.

"அண்ணி, இந்த வண்டியில வேற ரேடியோ ஏதாவது இருந்துச்சா, இதுக்கு முன்னாடி?"

"இதேதான். பிறைநிலாக் குமிழ். நான் ஏறின அன்னைக்கே பார்த்தேன். ஏன்?"

நாத்தனார் குப்பியை அவள் பக்கம் நீட்டினாள். மூடியையும் உடலையும் சேர்த்து, மேலே வழவழவென்று அதே கத்திரிப்பூ நிற அரக்கு. கீறல்கூட இல்லை.

"ஹெல்மோக்காரங்க வழக்கமாம் இது. வண்டியில மாட்டுற ஆளு முதல் தடவை ஃபியூஸ் போடும்போது இதை உடைக்கணும். அதை உடைச்சாத்தான் கரன்ட்டே உள்ள போகும். இது உடையவே இல்லை." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பொத்தானும் ஃபாக்டரியில வெச்ச இடத்துலயே இருக்கு. யாரும் ஒரு ஸ்டேஷன்கூடப் பிடிச்சு வைக்கலை. இந்த ரேடியோ ஒரு நாளும் பாடினது இல்லை அண்ணி."

செருப்புக் கடையில் யாரோ செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து பார்க்கும் சத்தம் கீழேயிருந்து வந்தது. தார்ப்பாய்க்காரி கான்வாஸ் துண்டை எடுத்து நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

"நான் கேட்டேனே" என்றாள்.

கணவர் மறுநாள் வந்தார். குளித்தார், சாப்பிட்டார், துறைமுகத்தில் கிரேன் பழுதாகி எல்லாரும் காத்துக் கிடந்ததைச் சொன்னார். தார்ப்பாய்க்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாகப் பார்த்த முகம். காதோரம் நரைத்து, கன்னம் கொஞ்சம் சரிந்து. இந்த மனிதர் எத்தனை விருந்துகளில் தலையைக் குனிந்து சிரித்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தினமும் அந்த டாஷ்போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர். அப்படியென்றால் அவள் சொன்ன கதையைப் பொய்யென்று தெரிந்தே கேட்டிருக்கிறார். தூங்குகிறவளுக்காகக் குமிழைத் திருகிய கை என்று ஒன்று இல்லவே இல்லை. யாரை நம்பி அவள் அன்றைக்குச் சரி என்றாள்? தைக்கிற தொழிலில் இருப்பவளுக்குத் தெரியும், ஒரு முதல் முடிச்சு இல்லையென்றால் எவ்வளவு நீளத் தையலும் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

"என்ன, என் முகத்துல படமா ஓடுது?" என்றார் அவர்.

"அன்னைக்கு ரேடியோவுல என்ன பாட்டு வந்துச்சு?"

அவர் சிரித்தார். அதே சிரிப்பு, தலை குனிந்து. "அது உனக்குத்தானே தெரியும்."

"எனக்கு வார்த்தை ஞாபகம் இல்லை. நீங்க சொல்லுங்க."

"எனக்கும் வார்த்தை புரியலை. ஆனா நல்லா இருந்துச்சு." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "முப்பது வருஷமா கேக்குறேன், இன்னொரு தடவை பாட மாட்டேங்குது."

அவளுக்குச் சுருக்கென்றது. நேரே கொட்டகைக்குப் போனாள். அவள் வரச் சொல்லியிருந்தபடி அங்கே நாத்தனார் ரேடியோவோடு காத்திருந்தாள். கரன்ட் கொடுத்துப் பார்க்க ஒரு பாட்டரியும் கொண்டுவந்திருந்தாள். பின்னாலேயே கணவரும் செருப்பைக்கூட மாட்டாமல் வந்தார். டாஷ்போர்டில் ரேடியோ இருந்த இடம் பல் விழுந்த வாயாகத் திறந்து கிடந்ததைக் கண்டார். பெஞ்சில் வயிறு திறந்து கிடந்த ரேடியோவையும் பார்த்தார். முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

"அடடே, கழட்டிட்டீங்களா? எதுக்கு?"

"கல்யாண நாளுக்குப் பாட வைக்கலாம்னு அண்ணி ஆசைப்பட்டாங்க" என்றாள் தங்கை. "ஆனா இதுக்கு ஃபியூஸ் சீலே உடையலை அண்ணா. இது பாடவே இல்லையாமே?"

"ஆமா" என்றார் அவர், மழை பெய்தால் நனையும் என்பதைப்போல. "முதலாளி பகட்டுக்கு வாங்கி மாட்டினது. பாட்டுக் கேட்டா டிரைவர் தூங்கிடுவான்னு ஒயர் குடுக்க விடலை. நான் வண்டியை வாங்கின அப்புறம் குடுத்திருக்கலாம். எனக்குத்தான் மனசு வரலை."

தார்ப்பாய்க்காரி லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ இத்தனை வருஷமா நான் எல்லாரு முன்னாடியும் ரேடியோ ரேடியோன்னு சொன்னேனே. ஒரு தடவை இல்லைன்னு சொன்னா என்ன? நான் கேணைச்சியா?"

அவர் தங்கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். காது சிவந்தது.

"நீ வெக்கப்பட்டுச் சொல்றேன்னு நினைச்சேன்."

"எதுக்கு நான் வெக்கப்படணும்?"

"பாடினது நீதானே."

கூரையில் ஏதோ பறவை நகத்தால் பிராண்டிக்கொண்டு நடந்தது.

"நானா?"

"நீதான். தூக்கத்துல. தலையை அந்தக் கதவுல சாய்ச்சுக்கிட்டு, வாயைத் திறக்காமலே. ரேடியோவுக்கு ஒயரே கிடையாது, வண்டியில இருந்ததோ நாம ரெண்டு பேரு. நான் பாடலை. பின்ன யாரு?" அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் நீ முதல் தடவை அந்தக் கதையைச் சொல்லி, ரேடியோவுல பாட்டு வந்துச்சுன்னு சொன்னப்போ, அடடா, பாடினதை ஒத்துக்க வெக்கப்பட்டு ரேடியோ மேல போடுறா பாருன்னு நினைச்சேன். அழகாத்தான் இருந்துச்சு. நீயா மனசு வெச்சு ஒரு நாள் பாடுவேன்னு..."

"அதான் என் கல்யாணத்துல எல்லாரு முன்னாடியும் அண்ணியைப் பாடச் சொல்லி அந்தக் கெஞ்சு கெஞ்சினியா?" என்றாள் நாத்தனார். "அண்ணி எழுந்து சமையல்கட்டுக்கு ஓடினாங்க. நீ வந்தவங்ககிட்ட எல்லாம், அவ அடக்கமான பொண்ணுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

"அடக்கமாவது? எனக்குப் பாட்டே வராதுடி" என்றாள் தார்ப்பாய்க்காரி. "ஸ்கூல்ல கூட்டமாப் பாடும்போதுகூட என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்வாங்க."

அவர் அவளையே பார்த்தார். முப்பது வருஷமாகப் பூட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டவரின் முகம். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. கோபம் வந்த வழியிலேயே நின்று திகைத்தது. பொய் சொன்ன ஆள் ஒருவர் இருப்பாரென்று தேடி வந்தவள், ஏமாந்த இன்னொரு ஆளைக் கண்டுபிடித்திருந்தாள்.

"அப்ப பாடினது யாரு?" என்றார் அவர்.

நாத்தனார் ஸ்க்ரூடிரைவரால் தலையைச் சொறிந்தாள். "எந்த வழியா வந்தீங்க அன்னைக்கு?"

"குன்று வழி. ஒலிபரப்புக் கோபுரம் இருக்கே, அதுக்கு அடியில."

"அட, அதைச் சொல்ல வேண்டியதுதானே. அந்தக் கோபுரம் வேலை செஞ்ச காலத்துல அடிவாரத்துல எல்லாமே பேசுமாம். கம்பி வேலி பேசுமாம், தகரக் கூரை செய்தி வாசிக்குமாம். ரெண்டு இரும்பு துருப்பிடிச்சு உரசிக்கிட்டு இருந்தாப் போதும், பக்கத்துல அவ்வளவு பலமா அலை அடிக்கும்போது அதுவே ரேடியோ ஆகிடும். அங்க குடியிருந்தவங்க எத்தனை பேரு எனக்குச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு நல்ல மழை. நனைஞ்ச சங்கிலி, துருப்பிடிச்ச கொக்கி, ஆடுற கதவு. உங்க வண்டிக்குக் கேக்கணுமா? கதவுதான் பாடியிருக்கும். அதுக்குப் போட வேண்டிய மாலையை நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிப் போட்டிருக்கீங்க."

"மஞ்சள் வெளிச்சம் இருந்துச்சே" என்றாள் தார்ப்பாய்க்காரி, கடைசித் துரும்பைப் பிடிப்பவளாக.

"அது ஆயில் பல்பு" என்றார் அவர் மெதுவாக. "அன்னைக்கு வண்டியில ஆயில் கம்மி."

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தார்ப்பாய்க்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டு போனால் போகட்டும். அதைக் கதவு பாடியிருந்தாலும் காற்று பாடியிருந்தாலும் சரி. குறைத்தது யார்? அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதையும் கதவே செய்துகொண்டது என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார்?

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"வண்டியை எடுங்க."

"இப்பவா? எங்க?"

"குன்றுக்கு."

"ரேடியோவை என்ன பண்ணட்டும் அண்ணி? வரைபடம் கிடைச்சாச்சு. சீலை உடைக்கவா, வேண்டாமா?" என்றாள் நாத்தனார்.

"உடை. எத்தனை நாளைக்குத்தான் அதுவும் வாயை மூடிக்கிட்டு இருக்கும்?"

பழைய லாரி இருமி, முனகி, மூன்றாவது முயற்சியில் கிளம்பியது. கொட்டகையை விட்டு வெளியே வரும்போது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. மண்புழு உரம் தயாரிப்பதைப் பற்றி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷ மௌனத்துக்குப் பிறகு ஹெல்மோ பேசிய முதல் பேச்சு. தார்ப்பாய்க்காரி திரும்பிப் பார்க்கவில்லை.

சாலை ஊரைத் தாண்டி நெளிந்து மேலேறியது. சாயங்காலம் சாம்பலும் ரோஜாவும் கலந்த நிறத்தில் கண்ணாடியில் படிந்தது. குன்றின் உச்சியில் கோபுரம் நின்றது. அதன் விளக்குகூட இப்போது எரிவதில்லை. அடிவாரத்துக் கம்பி வேலியில் கொடி படர்ந்திருந்தது. எதுவும் பேசவில்லை. வேலி வேலியாக மட்டும் இருந்தது.

"இங்கதான் ஆரம்பிச்சுது" என்றார் அவர். "அந்தப் புளிய மரத்துக்கிட்ட."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். பிறகு, தனக்கே ஏனென்று தெரியாமல், நினைவிலிருந்த அந்த மெட்டை வாய்திறக்காமல் முனகிப் பார்த்தாள். அது பள்ளத்தில் விழுந்து, ஏறி, வேறெங்கோ போய்ச் சேர்ந்தது.

கணவர் கவனமாகக் கேட்டார்.

"நீ இல்லை" என்றார். "சத்தியமா நீ இல்லை."

இப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. வண்டி கொஞ்சம் வளைந்து நெளிந்து, மறுபடி நேரானது. சிரித்து ஓய்ந்ததும் அவள் கேட்டாள்.

"நான் பாடுறேன்னு நினைச்சீங்களே. அப்போ நீங்க என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்றது? நீ முழிச்சுட்டா நிறுத்திடுவேன்னு பயம். கியரைக் குறைச்சேன். பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, முட்டை ஏத்தின வண்டி மாதிரி ஓட்டினேன். துடைப்பான் கீச்சுன்னு சத்தம் போட்டுச்சு, அதையும் நிறுத்திட்டேன். கண்ணாடியில ஒண்ணும் தெரியலை. தலையை வெளிய நீட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன்."

"மழையிலயா?"

"மழையிலதான். வளைவைத் தாண்டினதும் பாட்டு குறைஞ்சுக்கிட்டே வந்து நின்னுடுச்சு. உன் கடைக்குப் போற ரோடு இடது பக்கம். நான் வலது பக்கம் திரும்பிட்டேன்."

"ஏன்?"

"குன்றைச் சுத்தி இன்னொரு தடவை வரலாம்னு. நீ நல்லாத் தூங்கிட்டு இருந்தே. இறக்கி விட மனசு வரலை." சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "திரும்ப இதே இடத்துக்கு வந்ததும் மறுபடி பாடினே. அதாவது, கதவு பாடுச்சு. அன்னைக்குப் பொதி ரொம்ப லேட்டாப் போய்ச் சேர்ந்து முதலாளிகிட்ட வாங்கின திட்டு இருக்கே."

அவளுக்கு அந்த இரண்டாவது பாட்டு நினைவில் எழுந்தது. நிலையத்தை மாற்றி வைத்தார் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். துடைப்பான் நின்ற கண்ணாடியும், நனைந்த தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு ஒல்லி மனிதர் ஒரு குன்றையே சுற்றி வந்ததும் அவளுடைய கதையில் இல்லை. அப்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். கதவு லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வு கன்னத்துக்கு இதமாக இருந்தது. இமைகள் கனத்து இறங்கின. அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கியரைக் குறைப்பது கேட்டது. என்ஜினின் சத்தம் தாழ்ந்தது.

பின்னால் ஒரு வண்டி அவசரமாக ஹார்ன் அடித்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, முந்திப் போகச் சொல்லி மெதுவாக அசைத்தார்.